பழைய வேனுக்கு எந்த பம்ப்: கோவளம் வரை ஒரு சோதனை

மே மாதத்து ஞாயிறு. காலை ஆறரை மணிக்குப் பீர்க்கன்கரணையிலிருந்து கிளம்பினோம்: நான், என் கணவர், நாற்பது வயதான ஒரு பெட்ரோல் வேன். வேனுக்குள் ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, மடக்கு மேஜை. முப்பது வருடம் பள்ளியில் பூகோளம் நடத்தியவள் நான்; ஆனால் வண்டலூரைத் தாண்டியது எண்ணிச் சில முறைதான். ஓய்வுபெற்ற கையோடு இந்த வேனை வாங்கினேன், இதிலேயே தனுஷ்கோடி போகவேண்டும் என்று. வேனோ போன மாதம் மட்டும் மூன்று முறை ஜி.எஸ்.டி. சாலையில் நின்று மானத்தை வாங்கிவிட்டது. அதனால் வீட்டில் ஓர் ஒப்பந்தம். கோவளம் போய் நிற்காமல் திரும்பினால் வேன் எனக்கு. நின்றால், விலை பேசி வைத்திருக்கும் பல்லாவரத்துக்காரருக்கு. போக வர ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். எனக்குப் பாதி பயம், பாதி குஷி.

கோளாறு பெட்ரோல் பம்பில். பழைய வண்டிகளில் அது என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். என்ஜின் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். வெயில் ஏறினால் அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் காற்றை இழுக்கும். கரெண்ட் பம்ப் அப்படியில்லை. பின்னால் டாங்க் பக்கத்தில் சூடு படாமல் உட்கார்ந்து பெட்ரோலை முன்னால் தள்ளும். முந்தின நாளே பம்மல் மெக்கானிக் பாபு அதைத்தான் சிபாரிசு செய்தார். பம்ப் ஆயிரத்து எண்ணூறு, கூலி தனி.

"இந்தப் பழசு பேஜாரு மேடம். கரெண்ட் பம்ப் போட்டுகினா தனுஷ்கோடி இன்னா, காசிக்கே போவலாம்."

வேண்டாம் என்றது நான்தான். சுவிட்சை அணைக்கும்வரை, என்ஜின் நின்றாலும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். எங்காவது குழாய் விட்டுப்போனால் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் கொட்டும். எங்கள் வீட்டு மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவது என் கணவர் பொறுப்பு. போடுவார். அணைக்கச் சொல்வது தெருக்காரர்கள் பொறுப்பு. தொட்டி வழிந்து எதிர்வீட்டு வாசல்வரை ஓடிய பிறகுதான் அவருக்கு நினைவு வரும். வேனை ஓட்டுவதும் அவர்தான். இதையெல்லாம் பாபுவிடம் சொன்னபோது என் கணவர் அங்கேயே நின்று, கேட்காதவர் போல டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டலூரில் இடப்பக்கம் திரும்பி, மாம்பாக்கம், கேளம்பாக்கம் தாண்டி, எட்டு மணிக்குள் கோவளம். வழியில் ஒரு விக்கல்கூட இல்லை. கடல் கண்ணில் பட்டதும் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினேன். கடலுக்கு எதிரே வேனை நிறுத்தி, எங்கள் அடுப்பிலேயே டீ போட்டோம். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், உள்ள வூடே கீது" என்றார். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். என் கணவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, கடற்காற்றில் குறட்டை விட ஆரம்பித்தார். எழுப்ப மனசு வரவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. கிளம்பும்போது மணி பதினொன்று.

மாம்பாக்கத்துக்கு முன்பே வேன் இரண்டு முறை குலுங்கி, ஓரமாக நின்றுவிட்டது. பம்பில் ஈரத்துண்டைச் சுற்றினோம். போட்ட வேகத்தில் காய்ந்தது. சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த கோவளத்து அம்மா ஒருவர் எழுந்து வந்தார்.

"சூடாயிடுச்சா கா? ஐஸு வச்சுப் பாரேன்."

மீன் பெட்டியிலிருந்து இரண்டு கை ஐஸை அள்ளி எங்கள் துண்டில் போட்டார். காசு வாங்க மாட்டேன் என்றார். அதற்காக அரைக் கிலோ சங்கரா வாங்கினோம், இருநூறு ரூபாய். கால் மணி நேரத்தில் என்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டலூர் வரை வேனுக்குள் மீன் வாடை. என் கணவர் சாலையையே பார்த்து ஓட்டினார். ஒப்பந்தத்தைப் பற்றி நான் கேட்கவில்லை; நின்றது நின்றதுதானே.

பீர்க்கன்கரணைத் திருப்பம் வந்தது. அவர் திரும்பவில்லை. தாம்பரம் தாண்டியாயிற்று. பல்லாவரத்துக்குத்தான் போகிறார், இன்றைக்கே தள்ளிவிடப் போகிறார் என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குரோம்பேட்டையில் இடப்பக்கம் ஒடித்து, பம்மலில் பாபுவின் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அந்தக் கரெண்ட் பம்ப மாட்டுப்பா. சுவிட்ச் என் பக்கம் வேணாம், டீச்சர் பக்கம் வை."

பாபு என்னைப் பார்த்துச் சிரித்தார். என்ஜின் நின்றால் பம்புக்குப் போகும் கரெண்டைத் தானே நிறுத்தும் ஒரு சின்னச் சாமானும் சேர்த்து மாட்டுவதாகச் சொன்னார். பழைய பம்ப் அவசரத்துக்குக் கட்டிலடியில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. வீட்டு மோட்டார் மட்டும் இன்றும் என் கணவர் பொறுப்பில்தான் இருக்கிறது. தெரு நனைந்தால் நனையட்டும்.

ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று மெல்லக் கேட்டேன். வண்டி நிற்கக் கூடாது என்றுதான் பேச்சு, நின்றது பம்ப்தானே என்றார் வக்கீல் மாதிரி. அப்போது அவர் போன் அடித்தது. பல்லாவரத்துக்காரர்.

"வண்டி குடுக்கறதா இல்லீங்க. வேற யாருக்கும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் தனுஷ்கோடி போறோம்."

இத்தனை வருடத்தில் அந்த ஊர்ப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டேன். வேனுக்குள் ஏறி, பாபு பார்க்காதபடி கொஞ்சம் அழுதுகொண்டேன்.