டேரிலின் கழுத்து

டேரில் ஹோஹெபா ஐம்பதை நெருங்கிவிட்டான். வைனுயோமாட்டா என்ற ஊரில் ஒரு மரக்கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறான். இடுப்புவரை முடி, சாயம் போன கறுப்பு டி-ஷர்ட், பள்ளிக்கூடத்தில் பிடித்த ஹெவி மெட்டல் பாட்டுப் பைத்தியம். அந்தப் பைத்தியம் அவனுக்கு மனைவியைத் தந்தது, கூட்டாளிகளைத் தந்தது, பதிலுக்குக் கழுத்தை எடுத்துக்கொண்டது. இத்தனை வருடம் கிதார் சத்தத்துக்குத் தலையைச் சுழற்றியதில் எலும்பு தேய்ந்துவிட்டது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் இப்போதெல்லாம் ஆளே முழுசாகத் திரும்புகிறான்.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை அப்படித் தலையை ஆட்டினால் வலது கை மரத்துப் போகலாம். போனால் திரும்பி வரும் என்று நிச்சயமில்லை. கை போனால் வேலை போச்சு.

"இன்னிக்கே நைஜல்கிட்ட சொல்லிடு," என்றாள் மனைவி லெவினா. "உன் வாயால சொல்லு. நான் போன் பண்ணா அவனுக்கும் அசிங்கம், உனக்கும் அசிங்கம்."

"சொல்றேன், சொல்றேன்."

கூட்டாளி நைஜல் தபால்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டைரக்டர். நாலு வருடமாக ஒரு பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் கிழவர் சங்கத்தில், செத்துப்போன உறுப்பினர்கள் எழுந்து வருகிறார்கள். "மன்னிச்சுக்கங்க, தொந்தரவுதான்" என்று சொல்லிவிட்டு ஆட்களைத் தின்கிறார்கள். சுட்டாலும் சாவதில்லை. படத்தின் ஹீரோ டேரில் கிதார் அடித்துத் தலையை ஆட்டினால் மட்டும், பார்க்கிற பிணமெல்லாம் அவனைப் போலவே ஆட்டும். ஆட்ட ஆட்டத் தலை கழன்று விழும். கதை அவ்வளவுதான். அந்தக் கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி. அதற்காகத்தான் டேரில் நாலு வருடமாக முடியைக்கூட வெட்டவில்லை.

சங்கத்துப் புல்தரைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. சங்கத்துக் கிழவர்களே பிணங்கள். சட்டைக்குள் நிஜத் தலையை ஒளித்து, மேலே நைஜல் வீட்டு அடுப்பில் வெந்த ரப்பர் தலையைச் சுமந்துகொண்டு நின்றார்கள். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்த ரத்தத்தைக் குளவிகள் மொய்த்தன. யாரும் முணுமுணுக்கவில்லை. அதைப் பார்த்ததும் டேரிலுக்குப் பாதி தைரியம் போய்விட்டது.

"நைஜல், கழுத்து கொஞ்சம் மக்கர் பண்ணுதுடா."

"என் முழங்காலைக் கேளு, மச்சான்! மாடிப்படி ஏறினா பட்டாசு வெடிக்குது." நைஜல் கேமராவைத் துடைத்தபடி சிரித்தான். "ஆரம்பிக்கலாமா?"

அந்த ஊர் ஆம்பளைகளுக்கு நோவைச் சொல்லத் தெரிந்ததே அவ்வளவுதான். கால் துண்டானாலும் கொஞ்சம் சிராய்ப்பு என்பார்கள். டேரில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு கிதாரை மாட்டினான். எனக்கு இந்த இடத்தில் இரண்டு பேர் மீதும் கோபம்தான் வருகிறது.

பாட்டு அலறியது. முதல் சுழற்றலில் முடி பறந்தது, பிணங்களும் ஆடின. மூன்றாவதில் கழுத்திலிருந்து விரல்வரை நெருப்பு இழுத்தது போலிருந்தது. அப்புறம் கை இருப்பதே தெரியவில்லை. டேரில் அப்படியே நின்றுவிட்டான்.

அவன் செய்வதையே செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததால் கிழவர்களும் நின்றார்கள். பாட்டு மட்டும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. வரிசைக் கடைசியில் ஒரு ரப்பர் தலை மெதுவாகச் சாய்ந்து, புல்லில் விழுந்து, உருண்டு போய், ஆட்டத்தில் இலக்காக வைக்கிற வெள்ளைப் பந்தை அழகாகத் தொட்டு நின்றது. "நல்ல உருட்டு!" என்று அந்தத் தலையில்லாத சட்டைக்குள்ளிருந்து யூனிஸ் கிழவி பாராட்டினாள். எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். நைஜல் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கேடா வச்சிருந்த இந்த நடிப்பை! அந்த மூஞ்சி இருக்கே! இன்னொரு தடவை, முழுசா ஆட்டி ஒண்ணு எடுத்துடுவோம்."

"முடியாது."

அதற்கும் சிரித்தார்கள்.

"நைஜல், கையில உணர்ச்சியே இல்லடா."

நைஜல் சிரித்தபடியே வந்து அவன் விரல்களை அழுத்தினான். பலமாக அழுத்தினான். டேரில் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நைஜலின் சிரிப்பு நின்றது.

"ஏன்டா சொல்லல?"

"வந்ததும் சொன்னேனே."

நைஜல் பாட்டை நிறுத்தினான். கேமராவை மூடாமலே போட்டுவிட்டு வண்டிச் சாவியைத் தேடினான். "நானும் வரேன் கண்ணு, நீ ஓட்டு, நான் அவனைப் பிடிச்சுக்கறேன்," என்று யூனிஸ் ரத்தச் சட்டையோடு பின்சீட்டில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சக்கர நாற்காலியை யூனிஸிடம்தான் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "எனக்கில்லம்மா, இது வெறும் பாகு. அந்தப் பையனைப் பாரு," என்று கிழவி அவளைத் திருப்பிவிட்டாள்.

நர்ஸ் டேரிலை உட்காரவைத்துக் கேட்டாள். "வலி எவ்வளவு இருக்கு? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

டேரில் யோசித்தான். முகம் சாம்பலாக இருந்தது. "ஒரு மூணு இருக்கும். நாலுன்னு வேணா வச்சுக்குங்க."

"ஒம்பதுன்னு எழுதுங்கம்மா," என்றான் நைஜல். "இவன் சொல்றதை நம்பாதீங்க. நான் நம்பினதாலதான் இங்க வந்து நிக்கறோம்."

டேரில் மறுக்கவில்லை. நர்ஸ் ஒன்பதென்று எழுதுவதைப் பார்த்தான். பிறகு களைத்துப் போய்க் கண்ணை மூடிக்கொண்டான்.