அக்கா எடுத்த மலைகள்

எங்கள் குடும்பத்தின் மூத்த மகளான அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. தாடிக்கொம்புப் பக்கம் பூ விவசாயியான எங்கள் அப்பாவுக்கு மகளாகப் பிறந்து, திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டார். அவர் கணவரான மாமாவின் வெங்காய மண்டி நொடித்தபோது, ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாண ஜோடிகளுக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் பனிமலை ஒட்டுவது அவர் வேலை. அது சலித்துப்போய்த்தான் பழைய கேமரா ஒன்றை வாங்கி, சாயங்காலங்களில் கண்மாய்க் கரையில் நின்று, மேற்கே தெரியும் நிஜ மலைகளை எடுக்கத் தொடங்கினார்.

பக்கத்து மலையில் மரம் மரமாகத் தெரியும். அடுத்ததில் பச்சை மட்டும் மிஞ்சும். அதற்கும் பின்னால் நீலம். கடைசி வரிசை சாம்பல் நிறத்தில் வானத்தோடு ஒட்டிக்கிடக்கும். அந்தக் கடைசி வரிசைக்காகவே மழை விட்ட நாளாகப் பார்த்துப் போவார். எனக்கு எல்லாம் ஒரே மலைதான் என்று நான் கேலி செய்வேன்.

ஒரு வருடம் அந்த வரிசை தெரியவே இல்லை என்றார். நாலுவழிச் சாலைத் தூசியைத் திட்டினார். நாங்களும் ஆமாம் போட்டோம். ஒருநாள், தான் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தவர், என்னைக் கூப்பிட்டார்.

“டேய், இதுல நாலு வரிசை இருக்குடா. அங்க நிக்கும்போது நான் ரெண்டைத்தான்டா பார்த்தேன்.”

தூசியில்லை, சர்க்கரை. மதுரையில் கண் மருத்துவர் கையை விரித்துவிட்டார். சிறுநீரகமும் கெட்டிருந்தது. கடவுள் மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதன்பிறகு மாமாதான் அக்காவை வண்டியில் கூட்டிப்போய், தோளைப் பிடித்து மலைப் பக்கம் திருப்பி நிறுத்துவார். வெங்காயத்தைத் தவிர எதையும் உற்றுப் பார்க்காத மனிதர், எந்த மலை என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அக்கா எடுப்பார். கடைசியாகப் போன அன்று நானும் கூட இருந்தேன். மேகம் மொத்த மலையையும் மூடியிருந்தது. மாமா தயங்கித் தயங்கி, “ஒண்ணுமே தெரியலம்மா, ஒரே வெள்ளையா இருக்கு” என்றார்.

“அப்ப இன்னைக்கு உங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரித்தாங்க தெரியுது.”

சொல்லிவிட்டு அக்கா அதையும் எடுத்தார். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீடு திரும்பவில்லை.

டயாலிசிஸுக்கு அலைந்த நாட்களில் ஆட்டோ ஓட்டி உதவியவர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், ஸ்டுடியோ நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. மாமாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். இந்த நினைவு மலரை அச்சிட்ட அச்சகத்தாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பின்னட்டைப் படம் பழுதாகி வெறும் வெள்ளையாக வந்திருக்கிறது, வேறு அனுப்புங்கள் என்று போன் செய்தார்கள். பழுதில்லை, அக்கா பார்த்ததே அதுதான் என்று சொன்னேன்.