நூற்றுப் பன்னிரண்டு கிலோவுக்கு ஒரு பலகை

ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்று சொல்வார்: "நடுவுல குந்துக்கா." ஓரமாக உட்கார்ந்தால் வண்டி சாய்ந்துவிடுமாம். கல்யாண மண்டபத்து பெஞ்சிலும் அதே பேச்சுதான். சடையங்குப்பத்தில் வாடகைக்கு இருந்தபோது ஒரு மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்துவிட்டது. மீட்க வந்த படகிலும் எனக்குக் கிடைத்த முதல் உபசாரம் அதுதான். "அக்கா, நீ நடுவுல குந்து. இல்லாங்காட்டி அல்லாரும் கவுந்துடுவோம்." உயிரைக் காப்பாற்ற வந்தவர்களிடம் சண்டை போட முடியுமா? நடுவில் உட்கார்ந்தேன். கோபம் மட்டும் போகவில்லை. பிறகு காலடிப்பேட்டைக்குக் குடி வந்தோம், கோபமும் கூடவே வந்தது.

பிறந்தது திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில். அப்பாவுக்குப் படகு இருந்தது, இப்போது அண்ணனுக்கு இருக்கிறது. எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. மீனை ஏலம் எடுப்பார்கள், கூடையில் சுமப்பார்கள், விற்பார்கள், படகுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். ஏற மட்டும் மாட்டார்கள். சின்ன வயதில் ஒருமுறை என்னையும் ஏற்றச் சொல்லி மணலில் புரண்டு அழுதேன். அப்பா, "அது வழக்கம் இல்ல கண்ணு" என்றார். அண்ணன்தான் ஒரு காரணம் கண்டுபிடித்தான்: "நீ ஏறுனா கவுந்துடும் பாப்பா." அப்பா சொன்னதை அன்றைக்கே மறந்துவிட்டேன். அண்ணன் சொன்னது முள்ளாகத் தைத்து அங்கேயே நின்றுவிட்டது. அண்ணன் இன்னும் என்னை பாப்பா என்றுதான் கூப்பிடுகிறான். நூற்றுப் பன்னிரண்டு கிலோ பாப்பா.

அந்த எடை எப்படித் தெரியும் என்றால், எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. எந்தப் பெட்டி எத்தனை டன், எந்தக் கிரேன் அதைத் தூக்கலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டு எடை மெஷின் என்னைக் கண்டதும் கோடு கோடாகக் காட்டிவிட்டு அணைந்துவிடும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றுகொள்வேன். அது பொய் சொல்லாது, முகமும் சுளிக்காது.

எங்கள் அலுவலகத்தில் எல்லோரையும் ஒருநாள் கோவளத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே உப்பங்கழியில் ஒரு பெண் நீளமான பலகை ஒன்றின் மேல் நின்றபடி துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள். உட்காரவில்லை, நின்றாள். தண்ணீர் மேல் நடந்து போகிற மாதிரி இருந்தது. சாப்பாடு வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், எனக்குக் காது கேட்கவில்லை. நேராகப் போய் எனக்கும் ஒன்று கொடுங்கள் என்றேன். அங்கிருந்த பையன் மரியாதையானவன். தலையைச் சொறிந்துகொண்டு, "உங்க சைஸுக்கு எங்ககிட்ட போர்டு இல்ல மேடம்" என்றான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் முடிவு செய்தேன்: எனக்கென்று ஒரு பலகை வாங்கி, எங்கள் குப்பத்துக் கடலில், எங்கள் ஆட்கள் பார்க்க, ஒருமுறையாவது நின்றுவிட வேண்டும்.

ஆன்லைனில் தேடினேன். காற்றடித்தால் விறைத்துக்கொள்ளும் பலகை, சுருட்டினால் முதுகுப்பையில் அடங்கிவிடும். "அதிகபட்ச எடை 120 கிலோ" என்று போட்டிருந்தது. நானோ நூற்றுப் பன்னிரண்டு. அப்புறம் என்ன, எட்டு கிலோ மிச்சம் என்று வாங்கிவிட்டேன். துறைமுகத்தில் சோறு தின்கிறவர்கள் செய்கிற தப்பு அது. கிரேன் கையில் நாற்பது டன் என்று பெயின்ட் அடித்திருந்தால், நாற்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கலாம். அதற்கு மேலேயும் தூக்கிக் காட்டிப் பரீட்சை வைத்த பிறகுதான் அந்த எண்ணையே எழுதுவார்கள். எங்களுக்கு எழுதியிருக்கிற எண் என்றால் வாக்கு.

மாசி மாதத்துக் காலை, தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கடல் கிடந்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவில் தண்ணீர் குளம்போல் இருக்கும். அங்கேதான் பலகையை விரித்தேன். அண்ணன் பம்பு அடித்தான். சைக்கிள் டயரை அமுக்கிப் பார்க்கிற மாதிரி கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "போதும் பாப்பா" என்றான். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அண்ணி மீன் கூடையோடு வந்து நின்றாள். அந்த அண்ணி என் அண்ணன் படகில் பிடித்த மீனையே விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவள். படகின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

முட்டி போட்டு ஏறியதும் பலகை நடுவில் குழிந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் மேலேறி என் முட்டியை நனைத்தது. எழுந்து நின்றேன், நின்றேன் என்று சொல்வதற்குள் விழுந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன். பலகை மூழ்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீருக்குள் பாதி முங்கிக்கொண்டு, சோப்புப் போட்ட எருமை மாதிரி வழுக்கிக்கொண்டே இருந்தது. கரையைப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. குப்பத்து ஆட்கள் எதற்கும் சிரிப்பவர்கள், சாவு வீட்டிலேயே கிண்டல் பண்ணுவார்கள். அவர்கள் சிரிக்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தாங்கவில்லை. அழுதேன். கடல் தண்ணீரில் அது யாருக்கும் தெரியாது என்பது ஒரு சௌகரியம்.

கரைக்கு வந்ததும் அண்ணன், "நா அப்பவே சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடுறியா?" என்று அவனை அடக்கிவிட்டு அண்ணி தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். மீன் வாசனை அடித்தது. "பலகதான் சரியில்ல. நீ நல்லாத்தான் கீற. இத்துக்குப் போயி இன்னாத்துக்கு பேஜாராவுற?"

நனைந்த பலகையைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டான். அண்ணி அதைத் தன் கடைக்குக் கொண்டுபோய் விட்டாள். ரோட்டோரம் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு மீன் விற்றாள். "குந்துறதுக்கு மெத்துன்னு கீது" என்று பெருமை வேறு.

எனக்கு அது எங்கே தப்பாகப் போனது என்று புரிந்தது வேலைக்குப் போகிற வழியில்தான். துறைமுகத்துக்கு வெளியே பாரம் ஏற்றிய கப்பல் ஒன்று நின்றது. வயிற்றில் கோடு. அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் வரக்கூடாது. கோட்டுக்கு மேலேயும் இரும்புச் சுவர் எவ்வளவோ உயரம் சும்மா நிற்கிறது. அந்தச் சும்மா நிற்கிற உயரத்தால்தான் கப்பல் சாய்ந்தாலும் நிமிர்கிறது. பஸ்ஸிலேயே நெற்றியில் அடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மா கொசுவா என்று கேட்டார். கப்பலைப் பார்த்து வாங்க வேண்டியதைக் கிரேனைப் பார்த்து வாங்கியிருக்கிறேன். பலகையில் எழுதியிருப்பது முங்காமல் மிதப்பதற்கான எண். நிற்பதற்கு வேறு கணக்கு. ஆளின் எடையைப் போல ஒன்றரை மடங்காவது எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் அலைக்கும் தடுமாற்றத்துக்கும் மிச்சம் இருக்கும்.

இந்தத் தடவை நேரில் போனேன், கோவளம் தாண்டி ஒரு கடைக்கு. தண்ணீரில் விட்டுப் பார்த்து வாங்கலாம் என்றார்கள். கடைக்காரர் சிரித்த முகத்தோடு, "பையனுக்கா மேடம்?" என்றார்.

"எனக்கு. நூற்றுப் பன்னிரண்டு கிலோ." கடை முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். கேட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன், அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எடையைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் அதற்கு அப்புறம் பயப்பட ஒன்றுமில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயது ஆனது.

முதலில் இருப்பதிலேயே அகலமானதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கட்டில் மாதிரி ஆடாமல் நின்றது. ஆனால் என் கை குட்டை. துடுப்பைத் தண்ணீரில் விட ஒவ்வொரு தடவையும் சாய வேண்டியிருந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்தது ஒல்லி, கை நன்றாக எட்டியது, கால்தான் வெடவெடவென்று நடுங்கியது. மூன்றாவது பதினொன்றரை அடி நீளம், முப்பத்து நாலு அங்குல அகலம், ஆறு அங்குலத் தடிமன், எழுதியிருந்த எடை நூற்றெண்பது. முட்டி போட்டதும் எட்டிப் பக்கவாட்டைப் பார்த்தேன். தண்ணீருக்கு மேல் நாலு விரல்கடை காய்ந்து இருந்தது. அந்த நாலு விரல்கடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காற்றும் முழுசாக அடிக்க வேண்டும் என்றார் கடைக்காரர். பெரிய ஆள் ஏறும் பலகையில் காற்றுக் குறைந்தால் நடுவில் வளைந்துவிடுமாம். அண்ணனின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. மார்பில் கொக்கி மாட்டுகிற அளவுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டும் அங்கேயே கிடைத்தது. முன்பு போட்டுப் பார்த்தவை எல்லாம் தோளோடு நின்றுவிடும்.

மறுபடி அதே தூண்டில் வளைவு. இந்த முறை பம்பை நானே அடித்தேன், பம்பில் இருக்கிற முள் கடைக்காரர் சொன்ன இடத்துக்குப் போகும்வரை, மூச்சு வாங்க வாங்க. வலைக்காரர்கள் வரவில்லை. வந்தால் எனக்குக் கஷ்டமாக இருக்குமே என்று வராமல் இருந்தார்கள், எனக்குத் தெரியும். அண்ணன் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் பலகையைப் பிடித்துக்கொண்டான். பலகையின் நடுவில் தூக்கிச் செல்ல ஒரு பிடி உண்டு. அதற்கு இரண்டு பக்கமும் பாதத்தை வைத்து, முட்டியை லேசாக மடக்கி எழுந்தேன்.

"வுட்டுடு" என்றேன்.

"வுட்டு ரொம்ப நேரமாவுது பாப்பா."

நின்றேன். துடுப்பை ஒரு தரம் இழுத்தேன், பலகை போனது. தூரத்தில் எண்ணூர்ப் புகைக்கூண்டுகள், இந்தப் பக்கம் எங்கள் கோயில் கோபுரம், ரோட்டில் லாரிகள். இதே எல்லாவற்றையும் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். கடலில் நின்றுகொண்டு பார்த்ததில்லை. ஒரு சின்ன அலை வந்து பலகையைத் தூக்கியது, அது சாய்ந்தது, தானாக நிமிர்ந்தது. வலைக்காரர்கள் எங்கிருந்து வந்தார்களோ, கரையில் விசில் பறந்தது. அண்ணன் தண்ணீரில் நின்றபடி முகத்தைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான்.

திரும்பி வந்து இறங்கியபோது அண்ணி கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். புடவையை முட்டிவரை தூக்கிச் செருகியிருந்தாள். பலகையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள், அண்ணனைப் பார்க்கவில்லை.

"இது படகு இல்லியே?" என்று என்னிடம் கேட்டாள்.

"இல்ல அண்ணி. பலகதான்."

"படகு இல்ல" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். அண்ணன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, எனக்குப் பிடித்தானே அதேபோலப் பலகையைப் பிடித்துக்கொண்டான். என் ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டேன், தொளதொளவென்று தொங்கியது, வாரை இழுத்து இறுக்கினேன். அவள் பலகையை வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓரமாகக் காலைத் தூக்கி வைத்தாள். பலகை அந்தப் பக்கம் சாய்ந்தது.

"அண்ணி, நடுவுல குந்து!" என்று கத்தினேன்.

வாழ்நாள் முழுக்க யார் வாயிலிருந்து வந்தாலும் நான் வெறுத்த வார்த்தை. அண்ணி நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். பலகை நிமிர்ந்தது. அண்ணன் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனான், அவள் இரண்டு கையையும் தண்ணீரில் விட்டுக்கொண்டு போனாள்.