அடுத்தடுத்து வைத்த இரண்டு எண்கள்

வில்லாபுரத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். கண் மருத்துவர்களுக்காக, விழித்திரைப் படங்களில் நோய்ப் புள்ளிகளை எண்ண ஒரு புரோகிராம் எழுதினோம். படத்தைத் திறக்கும் பகுதி கூட வேலை செய்யும் சரோஜா அக்காவுடையது, எண்ணும் பகுதி என்னுடையது. சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் இரண்டு கோர்களுக்கும் வேலையைப் பாதிப் பாதியாகப் பிரித்திருந்தேன். ஆனால் ஒரே கோர் செய்ததைவிட அதிக நேரம் பிடித்தது. "அக்கா எழுதுனதுதான் இழுக்குது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. மறுநாள் காலையில் கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டு கோரோட எண்ணிக்கையையும் நீ மெமரில ஒட்டி ஒட்டி வச்சிருக்க. கோர் ஒரு எண்ணை மட்டும் தனியா எடுக்காது; பக்கத்துல இருக்கறதையும் சேத்து அந்த இடத்தையே ரெண்டும் ஆளுக்கொரு நகலா வச்சிக்கிரும். ஒண்ணு தன் எண்ணை மாத்துனா, இன்னொண்ணோட நகல் அப்பவே செல்லாமப் போயிரும். திரும்பப் புதுசா வாங்கித்தான் எண்ணும்."

"அம்புட்டுத் தடவையுமாக்கா?"

"ஆமா. தெரியாமக்கூடப் பழசைப் படிச்சிரக் கூடாதுல்ல?"

எண்களைத் தள்ளித் தள்ளி வைத்தார். ஒரே கோருக்கு ஆன நேரத்தில் பாதியிலேயே வேலை முடிந்தது. நகத்தளவு சிப்புக்குள் கோடிக்கணக்கான முறை நகல்கள் மாறியும், நான் அக்காவைக் குறை சொன்ன அன்றுகூட எண்ணிக்கை ஒன்றுகூடத் தப்பவில்லை.

மதியமே எல்லோரையும் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்றேன்.

இப்போதும் கணினியைப் போட்டதும், சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் அந்தக் கவனத்தை நினைத்து ஒரு கணம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.