முகத்துவாரம் திறந்த நாள்

எனக்கு எழுபத்தாறு வயது முடிந்துவிட்டது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் இரண்டு என் வயிற்றில் பிறக்காதவை, என் ஓரகத்தி விட்டுப் போனவை. வித்தியாசம் காட்டினேன் என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. இவ்வளவு நீளத்துக்கு எழுதக் கை வராது என்பதால் நான் சொல்கிறேன், என் பேத்தி எழுதுகிறாள். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அவளைச் சில பேருக்கு மேலே வைத்திருக்கிறார்களாம். அதற்கு ஒரு வகுப்பும் உண்டாம். ஒரு தலைவரைப் பற்றி, அவர் கூட இருந்தவர், எதிரே நின்றவர், வீட்டில் இருந்தவர் எல்லார் கண்ணாலும் பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். "உன் நைனா ஊருக்குத் தலைவரா இருந்தாராமே ஆயா" என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். நைனா என்றால் என் அப்பா. இருந்தார். ஆனால் அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என் தம்பியில்தான் போய் நிற்கும்.

எங்கள் குப்பம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கிற மணல்திட்டு. கிழக்கே கடல், மேற்கே பழவேற்காடு ஏரி. இரண்டும் கலக்கிற முகத்துவாரம் திறந்திருந்தால் கடல்தண்ணீர் உள்ளே வரும், எறா வரும், அதான் இறால், மீன் வரும், ஊர் சாப்பிடும். கோடையில் கடல் மணலை வாரிப் போட்டு அதை அடைத்துவிட்டால் ஏரி வெறும் குட்டை. நான் சிறுமியாய் இருந்த ஒரு வருடம் அப்படி அடைத்தது, மழை தொடங்கிய பிறகும் திறக்கவில்லை. கடலில் கட்டுமரம் தள்ள முடியாத அலை. ஏரியில் போட்ட வலையில் பாசிதான் ஏறியது. தண்ணீர் பச்சை பிடித்து நாறியது. வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. என் தம்பிக்கும் கண்டது. அவன் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தான். நின்றுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பான்.

தலைவர் என்றால் தொண்டை கட்டக் கத்துவதும், கத்தினதற்காகத் திட்டு வாங்குவதும்தான் என்று எங்களோடு இருந்த அத்தை சொல்லுவாள். நைனாவுக்கு அவள் அக்கா, அதனால் சொல்லலாம். ஆனால் ஒரு விஷயத்தில் நைனாவிடம் அவளாலும் பேச முடியாது. ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் ஆகிறவரைக்கும் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு. கிழமா குழந்தையா என்றெல்லாம் கிடையாது. முந்தின வருடம் ஒரு கிழவி இறந்து கிடந்தபோது, கீழத்தெருக்காரர் ஒருவர் விடியுமுன் போய் ஏரியில் வலை கட்டிவிட்டார். நைனா அவரை ஊர் முன்னால் நிறுத்தி, அந்தப் பருவம் முழுக்க அவருடைய பாட்டை நிறுத்தினார். பாடு என்றால் ஏரியில் வலை கட்டுகிற இடம். முறைபோட்டுத்தான் கட்டுவோம், முறை போனால் பிழைப்பு போச்சு. அந்தக் கீழத்தெருக்காரர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வழியாக நடப்பதில்லை. சுற்றிக்கொண்டு போவார்.

நைனா ஊரைக் கூட்டி முகத்துவாரத்தை வெட்டத் தொடங்கினார். கடல் பக்கம் ஒரு கூட்டம், ஏரிப் பக்கம் ஒரு கூட்டம். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளை எதிரெதிரே நிறுத்திவிடுவார். ஒருவன் அள்ளுவதைப் பார்த்து மற்றவன் இன்னும் வேகமாய் அள்ளுவான். அவர் மட்டும் ஆழத்தில், இடுப்புச் சேற்றில் நிற்பார். மழையில் ஏரி ஏறியிருந்தது. அமாவாசையன்று கடல் நன்றாக வற்றும். அந்த நேரம் பார்த்து நடுவில் மீந்த கரையை வெட்டிவிட்டால் ஏரியே தள்ளிக்கொண்டு போய்க் கடலில் விழும். அந்த வற்றத்தை விட்டால், திரும்பி ஏறுகிற கடல், வெட்டின அவ்வளவையும் மணல் போட்டு மூடிவிடும். மறுபடி வெட்ட ஊரில் ஒருவர் உடம்பிலும் தெம்பில்லை.

அந்த அமாவாசைக் காலையில் நான் எழுந்தபோது அம்மா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தம்பி அவள் மடியில், போர்த்திக் கிடந்தான். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பல்வலி வந்தால் அப்படித்தான் செய்வாள். நான் போய் ஒரு கல் உப்பு எடுத்துவந்து நீட்டினேன். அவள் உப்பை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

நைனா மண்வெட்டியோடு வாசலில் நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு நீ அத்தைகூடத் தண்ணி எடுத்துக்கினு வா. யாருனா தம்பியப் பத்திக் கேட்டா, தூங்குறான்னு சொல்லு."

"தூங்கத்தான தூங்குறான்?" என்றேன்.

"ஆமா" என்றார்.

குடத்தோடு போனோம். அத்தை வழியெல்லாம் பேசவில்லை. எனக்கு அது அதிசயமாக இருந்தது. முகத்துவாரத்தில் ஊரே நின்றது. ஆம்பிளைகள் வெட்ட, பெண்கள் கூடையில் மண் கடத்தினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தூங்குகிறான் என்று சொன்னேன். பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அம்மாவின் தம்பி, என் மாமன், மண்ணோடு மண்ணாக மேலே ஏறி வந்து என் குடத்தைச் சாய்த்துக் குடித்தார்.

"இன்னாடி, என் மருமவன் எப்டிகீறான்?"

"தூங்குறான் மாமா."

"தூங்கட்டும் தூங்கட்டும். எழுந்தான்னா, மாமன் ஒனக்கு எறா புடிச்சிக்கினு வர்றாருன்னு சொல்லு. ரெண்டு பல்ல வச்சிக்கினு எப்டித் துன்றான்னு பாக்குறேன்." என் தலையில் ஈரக் கையை வைத்துவிட்டு மறுபடி இறங்கிப் போனார். அத்தை குடத்தை வேறு பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் மணல் மேட்டில் நின்று நைனாவைப் பார்த்தேன். அவர் கையை உயர்த்தினால் வெட்டுகிறார்கள், இறக்கினால் நிற்கிறார்கள். என் நைனா சொன்னால் ஏரியும் கேட்கும், கடலும் கேட்கும் என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

வெயில் சாயத் தொடங்கியபோது கரை உடைந்தது. முதலில் ஒரு நூல் மாதிரித்தான் தண்ணீர் போனது. பிறகு இரண்டு பக்கமும் மணல் பொத்துப் பொத்தென்று விழ, ஏரி பழுப்பாகப் பாய்ந்து கடலில் சாடியது. ஆம்பிளைகள் கூத்தாடினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். பையன்கள் வலை எடுக்க ஓடினார்கள். நைனா மட்டும் மேலே ஏறிவந்து, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது.

"யாரும் வலை போடாதீங்க. ஊர்ல சாவு விழுந்துக்கீது."

"யாரு வூட்ல?" என்றது ஒரு குரல்.

"என் வூட்ல. விடியக்காலம்."

மாமன்தான் முதலில் அசைந்தார். வந்து நைனாவின் கழுத்தைப் பிடித்தார். "யோவ் மாமா, எங்க அக்கா வாயக் கட்டிப்போட்டுட்டு வந்தியா நீ? ஒரு பகலெல்லாம் புள்ளய மடில வச்சிக்கினு அழாம ஒக்கார வச்சியா? நீயெல்லாம் மனுசனா?" நைனா கழுத்தை விடுவித்துக்கொள்ளவே இல்லை. நான் அத்தையிடம், தூங்கத்தானே தூங்குகிறான் என்று மறுபடி கேட்டேன். அவள் என்னைத் தூக்கிக்கொண்டாள். நான் தூக்குகிற வயசைத் தாண்டியவள்.

பொழுது இறங்குமுன் தம்பியை மணலில் வைத்தார்கள். பெண்கள் எல்லாரும் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அம்மா அழவில்லை. அவர்கள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள், அழு அழு என்றார்கள். சும்மாவே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்லு மாதிரிக் கீறா பாரு" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. அம்மாவுக்கும் விழுந்திருக்கும்.

மறுநாள் எறா வந்தது. இரண்டு கையாலும் அள்ளுகிற மாதிரி வந்தது. ஊரெல்லாம் குழம்பு வாசம். தலைவர் பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் ஊரைப் பார்த்தார் என்று ஆம்பிளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்கள். குழம்பை ஊற்றிக்கொண்டேதான் பேசினார்கள்.

ஆனால் ஊர் கூடின அன்று கோயில் முன்னால் அந்தக் கீழத்தெருக்காரர் எழுந்தார். "தலைவரே, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அன்னிக்குக் கெழவி செத்தப்ப நான் தண்ணில எறங்கினது தப்பு. ஒத்துக்கினேன். எங்க வூட்டுப் புள்ளைங்க ஒரு பருவம் பட்டினி கெடந்துச்சு. இப்ப நீயும் எறங்கின, சொல்லாம ஊரையும் எறக்கின. இதுக்கு இன்னா?"

அவரைப் பலபேர் அதட்டினார்கள். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். "அவரு கேக்குறது ஞாயம்" என்றார். தன் பாட்டையும் நிறுத்தச் சொன்னார். கட்டுப்பாட்டை மீறினவன் தலைவராக இருந்தால் நாளைக்கு யாரும் எதற்கும் கட்டுப்படமாட்டார்கள் என்று சொல்லி, தலைமையையும் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். பெண்கள் கூட்டத்தில் நின்ற அம்மா அன்று ஒரு அடி முன்னால் வைத்ததையும், நைனா அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டியதையும், அவள் அப்படியே நின்றதையும் நான் பார்த்தேன். வீட்டுக்குப் போய் உலை வை என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பருவம் எங்கள் வீட்டில் வலை நனையவில்லை. மாமன் எங்கள் வாசலை மிதிக்கச் சில வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, நைனாவும் போய்ச் சேர்ந்தார். கருமாதிக்கு வந்த உறவெல்லாம் கிளம்பின பிறகு, நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, உலை கொதிக்குது பார் என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னிக்கு உங்க நைனா போமாட்டேன்னாருடி. மம்பட்டியக் கீழ போட்டுட்டுத் தம்பி காலப் புடிச்சிக்கினு ஒக்காந்துட்டாரு. நாந்தான் எழுந்து போன்னேன். இந்தத் தண்ணிதான் இவனக் கொன்னுச்சு, இன்னும் எத்தினி வூட்ல புள்ளைங்க படுத்துக்கீதுங்க, போய் வெட்டு, நீ வர்றவரைக்கும் நான் வாய் தொறக்கமாட்டேன்னு சொன்னேன்."

"ஊரே உன்னக் கல்லுன்னுச்சேம்மா. மாமன் நைனாவக் கழுத்தப் புடிச்சாரே. அப்பக்கூட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் போனேன். வேணாம்னு தலைய ஆட்டிட்டாரு. பெத்தவளே அனுப்பிச்சாளான்னு என்னப் பேசுவாங்கன்னு, அந்த மனுசன் ஊரு முன்னால தலகுனிஞ்சாரு. நான் வாயத் தொறந்து அதையும் கெடுக்கணுமா?"

கொஞ்சநேரம் ஈயை விரட்டினாள். பிறகு சொன்னாள்: "சாயங்காலம் அவரு வந்ததும் அழுதுக்கலாம்னுதான் இருந்தேன். அடக்கினது அடங்கினதுதான். அப்பறம் வரவேயில்லடி."

மணல் மேட்டில் நின்ற சிறுமிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஊரை நடத்துகிறவர் கையை உயர்த்தி இறக்குகிற அந்த ஒருவர்தான் என்று நினைத்தாள். அந்த நேரத்தில் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொருத்தி என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பல்வலி என்றே நினைத்திருந்தாள்.

போதும் கண்ணு. உன் வகுப்புக்கு இது ஆகுமோ ஆகாதோ. எழுதினதை எனக்கு ஒரு முறை படித்துக் காட்டு. மனசுக்குள் படிக்காதே, முணுமுணுக்கவும் வேண்டாம். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படி.