படத்துக்குள் இருந்த எங்கள் பெயர்கள்

மாடம்பாக்கம் சிவன் கோயிலின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கணினித் திரையில் மேலிருந்து கீழாக மெல்ல விரிந்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், தாம்பரத்துக்கு அருகே நான் எம்.சி.ஏ. படித்த கல்லூரியில் அன்று ப்ராஜெக்டுக்கான வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இதையே காலையில இன்னொரு பேட்ச் காட்டிட்டுப் போயிட்டாங்களே. யாரைப் பார்த்து யாரும்மா காப்பி அடிச்சீங்க?" என்றார்.

என்னோடு ப்ராஜெக்ட் செய்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். இதில் தவறினால் படிப்பு போதும் என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஒரு படம் யாருடையது என்பதைக் கண்ணுக்குத் தெரியாத குறியாக அந்தப் படத்துக்குள்ளேயே எழுதிவைப்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். படத்தைச் சுருக்கினால் குறி சிதையும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதி, அதிக இடங்களில் எது மிஞ்சுகிறதோ அதையே சரியென்று எடுக்கும்படி அக்கா ப்ரோக்ராம் எழுதியிருந்தார். சோதனைக்கு எங்கள் பெயர்களையே வைத்திருந்தோம், ஆளுக்குப் பாதிப் படம். லேப் கணினியிலிருந்து அந்தப் படத்தையும் ப்ரோக்ராமையும் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

"காலையில வந்தவங்க குடுத்த ஃபிளாப்பியில இருக்கிற படத்துலயே தேடிப் பார்க்கலாமா சார்?" என்று அக்கா கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. திறந்து பார்த்தால், படத்தை வெகுவாகச் சுருக்கியிருந்தார்கள். அவ்வளவு சுருக்கி நாங்கள் சோதித்ததே இல்லை. ப்ரோக்ராம் ஓடி முடிக்கும்வரை அக்கா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். முதலில் அக்காவின் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் குப்பை எழுத்துகள் வந்தன. தேர்வாளர் பேனாவை மூடினார். அதற்கு அடுத்த வரியில் என் மூன்றெழுத்துப் பெயர், ஒரு பிழையும் இல்லாமல் வந்து நின்றது.

"அப்போ இது உன்னோடதாம்மா?"

"எழுதினது முழுக்க அக்காதான் சார்."

அவர் நம்பவில்லை. "அப்புறம் ஏன் அவங்க பேரு வரல?"

"என் பேரு நீளம் சார்," என்றார் அக்கா. "பாதிப் படத்துக்குள்ள கம்மி தடவைதான் எழுத முடிஞ்சுது. இவ பேரு சின்னது, நிறைய தடவை எழுதினேன். அதான் தப்பிச்சுது."

தேர்வாளர் அப்போதுதான் நிமிர்ந்தார். "எழுதினவங்களுக்குத்தான் இது தெரியும். உட்காரும்மா," என்றார். எங்கள் தாளில் பாஸ் என்று எழுதிவிட்டு, காலையில் வந்தவர்களை மறுபடி கூப்பிட ஆள் அனுப்பினார்.

இன்று அக்கா நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். கூட்டங்களில் குரல் நடுங்காமல் பேசுகிறார். அன்று தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அழுதார். "பாஸ் போட்டுட்டார் இல்ல? நீயும் பார்த்தல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடற்கரை ஸ்டேஷன் போகும் மின்சார வண்டி வந்து, நின்று, கிளம்பிப் போனது. நாங்கள் இருவரும் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.