மச்சம் தொடாதவர்

டோல் என்ற வேலையில்லாதோர் உதவிப்பணம் எடுக்கப் போகும் நாட்களிலும் மகேந்திரராஜா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் போவார். வேலைவாய்ப்பு அலுவலகத்து வரிசையில் மற்றவர்கள் ரப்பர் செருப்போடும் அரைக்காற்சட்டையோடும் நிற்க, இவர் மட்டும் நீலக் கோட்டும் மினுக்கிய சப்பாத்துமாக, கையில் ஒரு தோல் பையோடு நிற்பார். பைக்குள் அன்றைய பேப்பரும் ஒரு வாழைப்பழமும் இருக்கும். அவரை அங்கே வேலை செய்கிறவர் என்று நினைத்துச் சிலர் விவரம் கேட்டதுண்டு. அவரும் பொறுப்பாக விவரம் சொல்லியிருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் வங்கி முகாமையாளராக இருந்த மனிதர். சிட்னிக்கு வந்து ஒரு காப்புறுதி நிறுவனத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தபோது, அதையே பெரிய இறக்கமாக நினைத்துக் கொஞ்ச நாள் மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரிந்தார். தொண்ணூற்றொன்றில் நாட்டின் பொருளாதாரம் படுத்தபோது அந்த மேசையும் போய்விட்டது. பிறகுதான் அந்த மேசையின் அருமை தெரிந்தது. நாற்பத்தேழு வயதில், வேறு நாட்டு உச்சரிப்போடு ஆங்கிலம் பேசும் ஒருவரை எந்த அலுவலகமும் கூப்பிடவில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம், "ஒண்டு ரெண்டு இடத்திலை கேட்டிருக்கினம், நான்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்று சொல்லிவந்தார். ஒரு வருடமாக யோசிக்கிறாரே என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நம்முடைய சனத்துக்கு அந்த அளவுக்கு நாகரிகம் உண்டு. முதுகுக்குப் பின்னால்தான் கேட்பார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இவருடைய விஷயத்தைப் பார்த்தவள் மார்கரெட் என்ற நடுத்தர வயதுப் பெண்மணி. நல்ல மனுஷி. ஒருநாள் இவரை உட்காரவைத்து, கோழித் தொழிற்சாலையில் ஆட்கள் தேவைப்படுகிறார்கள் என்றாள். விடியற்காலை வேலை. கொன்று உரித்த கோழிகளைக் கொக்கியிலிருந்து இறக்கிக் கழுவி, வெட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். சம்பளம் டோலைவிடக் கொஞ்சம்தான் கூட. காரணமில்லாமல் மறுத்தால் டோல் நிறுத்தப்படலாம் என்பதையும் மெதுவாகச் சொல்லிவைத்தாள்.

மகேந்திரராஜாவுக்கு ரப்பர் சப்பாத்தும் தலைக்கு வலையுமாக, கோழிக் குடலுக்கு நடுவில் தான் நிற்பதைத் தன்னிடம் கடன் கேட்டு வந்த கடைக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பதுபோல ஒரு காட்சி கண்ணில் வந்தது. உடனே வாயிலும் ஒன்று வந்தது.

"மன்னிக்க வேண்டும். எங்கள் சமயத்தில் நாங்கள் மாமிசம் தொடுவதில்லை."

சொன்ன விதத்தில் ஒரு கம்பீரம் இருந்தது. மார்கரெட் பதறிப்போனாள். தெரியாமல் கேட்டுவிட்டதாக இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டாள். இனி இப்படியான வேலைகளுக்கு அனுப்பமாட்டேன் என்று உறுதி சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது, இராச் சமையலுக்கென்று வாங்கிய ஆட்டிறைச்சியை அவருடைய மனைவி கமலினி குசினியில் வெட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை இவர் ஏதோ வழக்கில் வென்றவர்போலச் சொன்னார். வெள்ளிக்கிழமையும் விரத நாளும் தவிர மற்ற நாளெல்லாம் மீன், இறைச்சி என்று ஏதாவது மச்சம் இல்லாமல் சோறு இறங்காத மனிதர் அவர். கமலினி கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, "அப்ப இந்த எலும்பை ஆருக்குப் போட?" என்று மட்டும் கேட்டாள். அவர் எலும்பைச் சப்பிச் சாப்பிட்டார்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் அதைக் கெட்டித்தனம் என்று சொல்லி அவர் வாழ்நாள் முழுக்கச் சிரித்திருப்பார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன பிளற்றில் இந்திரகுமார் என்பவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருந்தார். முப்பது வயது இருக்கும். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர். முடிவு வரும்வரை வேலை செய்ய அனுமதி இருந்தது. டோல் மட்டும் கிடையாது. சிட்னிக்கு வெளியே ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் மகேந்திரராஜா அவரையும் காரில் ஏற்றிக்கொள்வார். பெரிய மனிதர் என்ற எண்ணத்துக்கு அது நல்ல தீனி.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, பின்சீட்டில் இருந்த இந்திரகுமார் சொன்னார்:

"அண்ணை, கோழி பக்டரிக்கு ஆள் எடுக்கினம் எண்டு கேள்விப்பட்டு ஒபிசுக்குப் போனனான். மார்கரெட் எண்டு ஒரு மனுசி. தமிழ் எண்டோடனை, உங்கட ஆக்கள் இறைச்சி தொடமாட்டினம், எனக்குத் தெரியும் எண்டு சொல்லிப்போட்டா."

மகேந்திரராஜா முன்னாலிருந்த ரோட்டையே பார்த்தபடி காரை ஓட்டினார்.

"நான் எனக்குப் பிரச்சினையில்லை எண்டு சொன்னனான். அவ நம்பேல்லை. காசுக் கஷ்டத்திலை சமயத்தை விடப்பாக்கிறன் எண்டு நினைச்சு எனக்குப் புத்தி சொன்னா. ஏற்கெனவே ஒரு பெரிய மனுசர் வந்து விளங்கப்படுத்தினவராம். எனக்கு முதல் போன ரெண்டு தமிழ்ப் பெடியளையும் இப்பிடித்தான் அனுப்பிப்போட்டாவாம். கோழி என்ன அண்ணை, மாடெண்டாலும் தூக்குவன். பிள்ளைக்குப் பால் மா வாங்க வேணும்."

முன்சீட்டில் இருந்த கமலினி கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோயிலில் பெருமாளுக்கு முன்னால் நின்றபோது கும்பிடக் கை சேர்ந்தது, மனம் சேரவில்லை. திரும்பி வரும் வழியில், "நான் அந்த மனுசியோடை கதைக்கிறன், தம்பி" என்றார். இந்திரகுமார் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னார்.

திங்கட்கிழமை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனார். உண்மையைச் சொல்லத்தான் போனார் என்று அவருடைய பக்கத்தில் நியாயமாகச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் வசனத்தைச் சரிபார்த்துக்கொண்டே போனார். ஆனால் மார்கரெட் எழுந்து நின்று வரவேற்று, அவருடைய பண்பாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வாசித்ததாகச் சொன்னபோது, சரிபார்த்த வசனத்தை அவர் விட்டுவிட்டார். பொய்க்காரனாக அந்தக் கதிரையில் இருக்க அவரால் முடியவில்லை. டோல் போய்விடும், அதற்குப் பதில் கோழி வந்துவிடும் என்பதும் உள்ளே ஓடியது.

"நான் சொன்னது எல்லாத் தமிழருக்கும் பொருந்தாது" என்றார். "அது குடும்பத்தைப் பொறுத்தது. சில குடும்பங்கள் மேலான ஒழுக்கத்தில் இருப்பவை. வேறு ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் அப்படியான வேலை செய்யலாம். இந்திரகுமார் அந்த வேறு ஆட்களைச் சேர்ந்தவர்."

மார்கரெட்டுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. "அப்படியா, உங்களுக்குள் படிகள் இருக்கின்றனவா?" என்று கேட்டாள். மகேந்திரராஜா தலையை ஆட்டினார்.

அவ்வளவுதான். இந்திரகுமாருடைய ஊர் என்ன, உறவு என்ன என்று எதுவுமே அவருக்குத் தெரியாது. காரின் பின்சீட்டில் இருக்கிறவர், கையில் காசில்லாதவர், எதையும் தூக்குவேன் என்று சொல்கிறவர். அதை வைத்து ஆளை எங்கே நிறுத்துவது என்று அவருடைய வாய்க்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது நெஞ்சுக்குள் ஏதோ அழுக்குப் பட்டதுபோல் இருந்தது. எப்படியோ இந்திரகுமாருக்கு வேலை கிடைத்தால் போதும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். வீட்டில் கமலினியிடம், "எல்லாம் சரிப்பண்ணிப்போட்டன்" என்றார். எப்படிச் சரிப்பண்ணினார் என்பதைச் சொல்லவில்லை.

வேலை கிடைத்தது. அடுத்த வாரமே இந்திரகுமாரும் அந்த இரண்டு பையன்களும் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து ஞாயிறு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. கமலினி கோழிக்கறி இறக்கிக்கொண்டிருந்த நேரம். சரக்குத்தூள் வாசனை வீடு முழுக்க நிறைந்து ஜன்னலுக்கு வெளியேயும் போயிருந்தது. கதவைத் திறந்தால் இந்திரகுமார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பை மாம்பழமும். உள்ளே வந்தவர் மூக்கைச் சுளிக்கவில்லை. ஒரு கணம் நின்றார், பிறகு பழங்களை மேசையில் வைத்தார்.

"பக்டரியிலை வேலையாக்களுக்கு மலிவாய்க் கோழி குடுக்கிறவை அண்ணை. முதல் சம்பளத்துக்கு உங்களுக்கு ரெண்டு கொண்டு வருவம் எண்டு பாத்தனான். நீங்கள் தொடமாட்டீங்கள் எண்டு மார்கரெட் சொன்னவ. அதுதான் பழம்."

மகேந்திரராஜாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. குசினிப் பக்கம் பார்த்தால் சட்டி, மேசைப் பக்கம் பார்த்தால் பழம்.

"அவ வேறை என்ன சொன்னவ?" என்று கமலினி குசினி வாசலில் நின்று கேட்டாள்.

இந்திரகுமார் தயங்கினார். "ஒண்டுமில்லை அக்கா. நான் இந்த வேலை செய்யக்கூடிய ஆக்களிலை சேர்ந்தவனோ எண்டு கேட்டா. அண்ணை அப்பிடிச் சொன்னவராம். நான் ஓம் எண்டு சொன்னனான்." தரையைப் பார்த்துக்கொண்டு, "வேலை வேணும்தானே" என்று முடித்தார்.

கமலினி மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பைகள் வைத்துச் சோறு போட்டாள். கறிச்சட்டியைத் தூக்கிவந்து கணவருக்கு முன்னால் வைத்து, ஒவ்வொரு ஞாயிறும் போடுவதுபோலவே நல்ல துண்டாகப் பார்த்து அவருடைய கோப்பையில் போட்டாள். அது வேண்டுமென்றே செய்தது. பிறகு இந்திரகுமாரின் பக்கம் அகப்பையைக் கொண்டுபோனாள்.

"இருங்கோ தம்பி, சாப்பிட்டுப் போகலாம்."

இந்திரகுமார் கோப்பையின்மேல் கையை வைத்து மறித்தார்.

"குறை நினையாதையுங்கோ அக்கா. எனக்குப் பருப்பு இருந்தால் போதும். நான் பிறந்ததிலையிருந்து மச்சம் சாப்பிடுறேல்லை. எங்கட வீட்டிலை ஒருத்தரும் புழங்கிறேல்லை."

கமலினி அகப்பையைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தாள்.

"அப்ப அந்த வேலையை எப்பிடி?" என்று கேட்டாள்.

"முதல் கிழமை முழுக்க ஓங்காளிச்சுச் சத்தி எடுத்தனான். இப்ப பரவாயில்லை. வீட்டை வந்து முழுகிப்போட்டுத்தான் பிள்ளையைத் தூக்கிறனான்." யாரையும் குற்றம் சொல்லாத குரலில் அவர் அதைச் சொன்னார். மகேந்திரராஜாவுக்கு அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை. கோப்பையிலிருந்த துண்டை அவர் தின்னவும் முடியாமல் ஒதுக்கவும் முடியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இந்திரகுமார் பருப்போடு சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்து, "போட்டு வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மகேந்திரராஜா கழுத்துப்பட்டி கட்டவில்லை. கோட்டும் போடவில்லை. மார்கரெட்டின் முன்னால் உட்காராமல் நின்றபடியே, கோழித் தொழிற்சாலை வேலையைத் தான் செய்வதாகச் சொன்னார்.

"உங்கள் சமயம்?" என்று அவள் கேட்டாள்.

"அது உண்மையில்லை. நான் மாமிசம் சாப்பிடுகிறவன்."

"மற்றவரைப் பற்றிச் சொன்னது?"

"அதுவும் உண்மையில்லை. அதைச் சொன்னதுதான் பெரிய பிழை. எங்களுக்குள் படி ஒன்றும் இல்லை." சொல்லும்போதே அதுவும் முழு உண்மையில்லை என்று அவருக்குப் பட்டது. இருந்தாலும் திருத்தவில்லை.

மார்கரெட் வெகுநேரம் அவரைப் பார்த்தாள். கோபிக்கவில்லை. ஆனால் அதுவரை அவளுடைய முகத்தில் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது, அது பிறகு திரும்பி வரவேயில்லை. தொலைபேசியை எடுத்துப் பேசிவிட்டு, வியாழக்கிழமை போகலாம் என்றாள். இந்த முறை வாசல்வரை வரவில்லை.

வியாழன் விடியற்காலை தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வானுக்குள் இந்திரகுமாரும் அந்தப் பையன்களும் இருந்தார்கள். பையன்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "வாங்கோ அங்கிள், மனேச்சருக்கு ஆள் வேணுமாமோ?" என்று பகிடி விட்டார்கள். இந்திரகுமார் தள்ளி இருந்து இடம் கொடுத்தார். தொழிற்சாலையில் ஏப்ரனின் நாடாவை முதுகில் முடிந்துவிட்டவரும் அவர்தான். நடந்ததைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்பது மகேந்திரராஜாவுக்கு அந்த ஒரு நாளிலேயே விளங்கிவிட்டது. அந்த இடத்தில் இவர் ஐந்து வருடம் வேலை செய்தார், அந்த ஐந்து வருடமும் இந்திரகுமார் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருநாள் தலையைக் குனிந்துவிட்டு மறுநாள் நிமிர்ந்திருக்கலாம்.

அந்த முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தார்கள். இந்திரகுமாரின் பெட்டியில் சோறும் பருப்பும் கத்தரிக்காயும். மகேந்திரராஜாவின் பெட்டியில் கமலினி முதல்நாள் ஆட்டுக்கறியை வைத்துக் கட்டியிருந்தாள். மூடியைத் திறந்தவர் திரும்ப மூடினார்.

"ஏன் அண்ணை, சாப்பிடுங்கோவன். எனக்குப் பிரச்சினையில்லை" என்றார் இந்திரகுமார்.

"இல்லைத் தம்பி, பசியில்லை."

இந்திரகுமார் தன் சோற்றில் பாதியை மூடியில் போட்டு அவருக்கு முன்னால் தள்ளிவைத்தார். மகேந்திரராஜா விடியற்காலையிலிருந்து கோழி கழுவிய கையைத் திரும்பவும் ஒருமுறை கழுவிக்கொண்டு வந்து, குனிந்த தலையோடு அதைச் சாப்பிட்டார்.